கொட்டகையில் நிற்கும் 1966 மஸ்டாங்கை வாங்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஒஹாயோவில் உங்கள் பக்கத்து வீட்டு அம்மையார், காலமான கணவரின் 1966 ஃபோர்டு மஸ்டாங்கை விற்கப் பார்க்கிறார். ஆறு சிலிண்டர், ஆட்டோமேட்டிக் கியர், இரண்டு கதவு. 1998-இலிருந்து கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. உங்களுக்கு ஆயில் மாற்றத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. வார இறுதிகளில் நீங்களே சீர்செய்து ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளலாமா, அல்லது யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாகிவிடுமா? இதில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. வண்டி தேறுமா என்பது ஒன்று, நீங்கள் தேறுவீர்களா என்பது இன்னொன்று. முதலாவதை ஒரு வாளித் தண்ணீரை வைத்துப் பாதி கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவதுதான் பலரைக் கவிழ்க்கிறது, என்னையும் கவிழ்த்தது.

நான் மெக்கானிக் இல்லை. டெட்ராய்ட் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் அச்சு வார்ப்புப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன். என் வீட்டு கராஜில் 1993 முதல் ஏதாவது ஒரு பழைய அமெரிக்க வண்டி இருந்துகொண்டே இருக்கிறது. பெயின்ட் அடிக்க மாட்டேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இதுவரை திறந்ததில்லை. அந்த இரண்டையும் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, தெரிந்தவரிடம் கேளுங்கள்.

முதல் வண்டி 1955 செவ்ரோலே டூ-டென், நான்கு கதவு. செவ்ரோலே 12 வோல்ட்டுக்கு மாறியதும், அந்தப் பேர்பெற்ற சின்ன வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினைக் கொண்டுவந்ததும் அந்த வருடம்தான். அதையெல்லாம் படித்துவிட்டு ஆசையில் வாங்கினேன். ஓடிக்கொண்டிருந்த வண்டி அது, கவனியுங்கள். "செய்வதைத் திருந்தச் செய்வோம்" என்று ஒரு கோடை முழுக்கப் பிரித்தேன். பிரிப்பது மகா சுகமான வேலை. ஒவ்வொரு மாலையும் ஏதோ சாதித்த மாதிரி இருக்கும். போல்ட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பேனாவால் பெயர் எழுதி, அட்டைப்பெட்டிகளில் அடுக்கினேன். இரண்டு குளிர்காலத்தில் பேனா மை மங்கிவிட்டது. பெண் பிறந்தாள், வேலை மாறியது, கராஜில் நாற்பது பெட்டிகளும் ஒரு வெறுங்கூடும். ஆறாம் வருடம், வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவாக, பெட்டிகளோடு ஒருவர் ஏற்றிக்கொண்டு போனார். "பிரித்த நிலையில், பாகங்கள் எல்லாம் உண்டு" என்று விற்பனை விளம்பரங்களில் வருகிறதே, அந்த ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் என்னைப் போல ஒருவர் இருக்கிறார்.

அதனால் நான் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: வண்டியை முழுதாகப் பிரிக்காதீர்கள். முதலில் நிற்க வையுங்கள், பிறகு ஓட வையுங்கள், அப்புறம் ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு பகுதியாகச் சரிசெய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் திறந்திருக்க வேண்டும், அது முடிந்து வண்டி மறுபடி தெருவில் ஓடிய பிறகுதான் அடுத்தது. இப்போது என்னிடம் இருக்கும் 1965 மஸ்டாங் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக இப்படித்தான் வண்டியாகவே இருக்கிறது. எந்தக் கோடையிலும் ஓடாமல் இருந்ததில்லை. எந்த வருடமும் "முடிந்ததும்" இல்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினை அல்ல, தகரத்தை. மஸ்டாங்குக்குத் தனி சேசிஸ் கிடையாது. அடித்தகரமும் பெட்டி மடிப்புகளும் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டுக்குப் பின்னால் வரிசையாகக் காற்றுத் துளைகள் இருக்கும். மழைநீர் அதில் இறங்கி, உள்ளே ஒரு மூடிய அறை வழியாக இரண்டு பக்கமும் வடிய வேண்டும். அந்த அறைக்குள் காற்று வரும் வாய்களைச் சுற்றித் தொப்பி கவிழ்த்த மாதிரி ஒரு தகர விளிம்பு உண்டு. இலைதழை அடைத்து, ஈரம் தங்கி, அந்த விளிம்பு உளுத்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஒருவர் மேலே தண்ணீர் ஊற்றட்டும், நீங்கள் டார்ச்சோடு டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் சொட்டினால் விஷயம் முடிந்தது. அதைச் சரிசெய்ய மேல் தகரத்தின் ஸ்பாட் வெல்டிங்கை ஒவ்வொன்றாகத் துளைபோட்டு எடுத்து, மாற்றி, மறுபடி வைக்க வேண்டும். வெல்டிங் கற்றுக்கொள்ளும் முதல் வருடத்தில் செய்கிற வேலை அல்ல அது. அங்கே சொட்டினால் கால்வைக்கும் தரைத் தகரமும் போயிருக்கும், கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்.

அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்களையும், முன் கதவுக்குக் கீழே அடித்தகரமும் குறுக்குப் பெட்டியும் சேரும் மூலையையும் ஒரு ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்கும் கோபுரங்கள் தெரியும். அவற்றில் கீறல் விட்டிருக்கிறதா என்று துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பின் சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி நகர்த்துங்கள். பிடி விடுகிற இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. ஒஹாயோவும் மிச்சிகனும் குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடுகிற ஊர்கள், இங்கே ஓடிய வண்டியில் கொஞ்சமாவது பட்டி இல்லையென்றால்தான் ஆச்சரியம். கொஞ்சம் பரவாயில்லை. கோபுரம், அடியிலுள்ள பெட்டி மடிப்பு, அந்தக் காற்றறை மூன்றும் போயிருந்தால் மட்டும் வாங்காதீர்கள், எத்தனை மலிவாகக் கொடுத்தாலும். 1966-இல் மட்டும் ஆறு லட்சத்துக்கும் அதிகமான மஸ்டாங்குகள் விற்றன. இன்னொன்று கிடைக்கும்.

வண்டியின் எண்ணையும் பத்திரத்தையும் பாருங்கள். வண்டியின் எண் முன் மட்கார்டின் உள்தகரத்தில், ஓட்டுநர் பக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இலக்கம் 6 என்றால் 1966. அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் நியூஜெர்சியின் மெடச்சன். அதற்கடுத்து 07 என்றால் சாதாரணக் கூரை. பிறகு வரும் எழுத்துதான் இன்ஜின்: டி (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர், சி, ஏ, கே மூன்றும் 289 வி8-இன் வகைகள். கதவில் ஆணியடித்த தகட்டில் நிறம், இருக்கைத் துணி, தயாரித்த தேதி எல்லாம் குறியீடாக இருக்கும். கதவைக் கழற்றி மாற்றிவிடலாம் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. டைட்டில் பத்திரம் (வண்டியின் உரிமைச் சான்று) அந்த அம்மையாரின் கணவர் பெயரிலேயே இருந்தால், அது அம்மையாரின் பெயருக்கு மாறிய பிறகு பணம் கொடுங்கள். வருத்தத்தில் இருப்பவரிடம் இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். இப்போதே கேட்டுவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

இன்ஜினைப் பொறுத்தவரை எனக்கு அதிகக் கவலை இல்லை. அந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் முரடு, எளிது, கை விடத் தாராளமாக இடம் இருக்கும். ஆனால் பேட்டரியை வைத்து உடனே சாவி திருப்புகிற ஆசையை அடக்குங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் கலந்து ஊற்றி, சில நாள் ஊற விடுங்கள். பிறகு இன்ஜினின் முன்பக்கம் சுழல்தண்டின் நுனியில் இருக்கும் கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடி ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. டேங்கில் உள்ள பெட்ரோல் இந்நேரம் வார்னிஷாகியிருக்கும், அது இன்ஜினுக்குள் போகவே கூடாது. இன்னொன்று, ஹீட்டர் பெட்டியிலும் ஏர் ஃபில்டரிலும் எலிக்கூடு கட்டாயம் இருக்கும். எலிப் புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள், அதில் ஹாண்டா வைரஸ் ஆபத்து உண்டு. முகக்கவசம் போட்டு, பிளீச் தண்ணீர் தெளித்து நனைத்து, பிறகு அள்ளுங்கள்.

இன்ஜின் உறுமியதும் தெருவில் ஒரு சுற்று போகத் தோன்றும். போகாதீர்கள், முதலில் பிரேக். 1966 வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்கு (மிதியை அழுத்தினால் பிரேக் திரவத்தைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) ஒரே அறை, நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஏதோ ஒரு சக்கரத்தில் ரப்பர் கிழிந்தால் நான்கும் ஒன்றாகப் போய்விடும், மிதி தரையைத் தொடும். 1967-இலிருந்துதான் மஸ்டாங்கில் இரண்டு அறை வந்தது. அதனால் எல்லா வீல் சிலிண்டரையும், ரப்பர் ஹோஸ்களையும், இரும்புக் குழாய்களையும் புதிதாகப் போட்டுவிட்டு, மாஸ்டர் சிலிண்டரை இரண்டு அறை கொண்டதாக மாற்றுங்கள். அசல் தன்மை கெட்டுவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. கெடட்டும். முன் சக்கரத்துக்கு டிஸ்க் போடச் சொல்லிப் பலர் வருவார்கள். ஆறு சிலிண்டர் வண்டிக்குச் சக்கரத்தில் 4 போல்ட், வி8-க்கு 5, ஆகவே அது முன்பகுதியின் பாதியை மாற்றுகிற வேலை. நன்றாகச் சரிசெய்த டிரம் பிரேக்கோடு சில வருடம் நிதானமாக ஓட்டலாம், மழையில் மட்டும் கூடுதல் இடைவெளி விட்டு. இன்னும் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு ஏறுங்கள். பெல்ட் இடுப்புக்கு மட்டும்தான். டிக்கியின் தரை என்று நீங்கள் நினைப்பது பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம். அதற்கும் பின் இருக்கைக்கும் நடுவே ஒரு இரும்புத் தகடு அடிக்க அதிகச் செலவில்லை, பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைக்கும் முன் அடித்துவிடுங்கள்.

உயிருக்கு ஆபத்தானவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், கட்டாயம் ஸ்டாண்டு வையுங்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் வரும், அது யுத்தத்தில் பயன்படுத்திய நச்சுவாயு. மஸ்டாங்கின் முன் ஸ்பிரிங்கை அழுத்திக் கழற்றும் வேலையை முதல் தடவை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள்.

கற்றுக்கொள்வது பற்றிக் கேட்டீர்கள். கான்சஸில் மக்ஃபர்சன் கல்லூரியில் பழைய கார் சீரமைப்பில் நான்கு வருடப் பட்டமே தருகிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம், ஃபோர்டின் அந்த வருடத்துப் பணிமனைக் கையேடு மறுபதிப்பாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். அதைவிட, தெருவில் ஒரு பெரியவரைப் பிடியுங்கள். எனக்குக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற டூல்மேக்கர், அதாவது தொழிற்சாலைக்கு நுண்ணிய கருவிகள் செய்பவர். ஒருநாள் பெட்ரோல் பங்க்கில் என் வி8 கிளம்ப மறுத்தது. அவர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். தீப்பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயின்ட்டின் நார்க்கட்டை தேய்ந்து இடைவெளி மூடிப்போயிருந்தது. பையிலிருந்து ஒரு தீக்குச்சி அட்டையை எடுத்து, மூடியைக் கிழித்து, பாயின்ட்டுக்கு நடுவே செருகி, ஸ்குரூவை இறுக்கி, அட்டையை உருவினார். சாவி திருப்பியதும் பற்றிக்கொண்டது. வீட்டுக்கு வந்து அளவுத்தகடு வைத்துப் பார்த்தேன். புத்தகத்தில் 0.017 அங்குலம் என்று இருக்கிறது, அவர் வைத்தது 0.016. நான் வியந்து சொன்னபோது, "அப்படியானால் ஆயிரத்தில் ஒன்று தப்பு" என்று முகம் சுளித்தார். உங்கள் ஆறு சிலிண்டருக்கு அளவு 0.025, தீக்குச்சி அட்டை உதவாது.

துருப்பிடித்த சின்ன பாகங்களுக்கு வீட்டிலேயே செய்கிற ஒரு வித்தை உண்டு. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், கொஞ்சம் வாஷிங் சோடா, ஒரு பழைய பேட்டரி சார்ஜர். பாகத்தைக் கறுப்பு முனையிலும், ஒரு கழிவு இரும்பைச் சிவப்பு முனையிலும் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் துரு கரிய சேறாகக் கழன்று வரும், நல்ல இரும்பு தேயாது. முனை மாறினால் உங்கள் பாகம் கரையும். சிவப்பு முனையில் எவர்சில்வர் கட்டாதீர்கள், நச்சுக் குரோமியம் தண்ணீரில் சேரும். ஹைட்ரஜன் வருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள்.

இனி சர்ச்சைக்குரியவை. பழைய ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று கருத்து வரும் விஷயங்கள் இவை. ஈயப் பெட்ரோல் அமெரிக்கச் சாலைகளில் 1996 தொடக்கத்தோடு முற்றிலும் நின்றது. ஈயம் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கையை, அதாவது வால்வு மூடும்போது வந்து அமரும் வளையத்தை, தேயாமல் காத்தது என்பது உண்மை. அது இல்லாமல் உங்கள் இன்ஜின் கெட்டுவிடுமா? நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக விரட்டினால் தேயும். ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் வாங்கப் போகிற வண்டியில் தேய்ந்து நான் பார்த்ததில்லை, வேறு காரணத்துக்கு இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைத் திறக்கும்போது கெட்டிப்பட்ட வால்வு இருக்கை போட்டுக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மம் குறைந்துவிட்டது என்பதும் உண்மை, வினையூக்கிப் புகைக்குழாயைக் காக்கக் குறைத்தார்கள். புதிய கேம்ஷாஃப்ட்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டு) முதல்முறை ஓட்டும்போது அது கட்டாயம் தேவை. பழகித் தேய்ந்த சாதுவான இன்ஜினுக்கு எவ்வளவு தேவை என்பதில் ஒத்த கருத்து இல்லை. நான் துத்தநாகம் சேர்த்த ஆயில்தான் ஊற்றுகிறேன், விலை வித்தியாசம் சொற்பம். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதில் மட்டும் சந்தேகம் வேண்டாம், எரிபொருள் ஹோஸ்களை எல்லாம் மாற்றுங்கள். வெயிலில் பெட்ரோல் ஆவியாகி இன்ஜின் நிற்காமலிருக்க எரிபொருள் குழாயில் மரத் துணிக்கிளிப் மாட்டுகிறவர்கள் உண்டு. அது வேலை செய்கிறது என்று சத்தியம் செய்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. கிளிப் மலிவு.

பணம். மஸ்டாங்குக்கு உதிரிபாகம் கிடைப்பது போல வேறு எந்தப் பழைய வண்டிக்கும் கிடைப்பது அபூர்வம். முழு உடற்கூட்டையே புதிதாக அடித்து விற்கிறார்கள். புது பம்பரின் விலை, பழையதற்கு மறுபடி குரோம் போடும் கூலியைவிடக் குறைவு. ஆனால் பெயின்ட்டுக்கும் இருக்கைத் துணிக்கும் ஆறு சிலிண்டர் வண்டி, வி8 வண்டி என்ற பேதம் கிடையாது, செலவு ஒன்றுதான். விற்கும்போது மட்டும் ஆறு சிலிண்டருக்கு விலை குறைவு. போட்ட பணம் திரும்பாது என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள். அந்த அம்மையாரின் வண்டியில் அசல் பெயின்ட் மங்கியாவது இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். 1935-இல் தொடங்கிய அமெரிக்கப் பழங்கார்ச் சங்கம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே காப்பாற்றிய வண்டிகளுக்கென்று ஒரு தனிப் பிரிவே வைத்திருக்கிறது. புதிதாகப் பளபளக்கும் வண்டியை யார் வேண்டுமானாலும் பணம் கொடுத்துச் செய்துகொள்ளலாம், தொழிற்சாலைப் பெயின்ட்டை இனி யாராலும் அடிக்க முடியாது. அந்தச் சங்கம் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் ஒவ்வொரு அக்டோபரிலும் நடத்தும் சந்தைக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள். ஒரே ஒரு கதவுக் கைப்பிடிக்காக நாள் முழுக்க நடக்கிற மனிதர்களை அங்கே பார்ப்பீர்கள்.

பராமரிப்பு என்று பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஓட்டுங்கள், கிரீஸ் நிப்பிள்களுக்கு நேரத்துக்குக் கிரீஸ் அடியுங்கள், பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டயரின் பட்டன் ஆழத்தை அல்ல, பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். குளிர்காலத்தில் டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க நிலைப்படுத்தி மருந்து ஊற்றி, எலிப்பொறி வைத்து, வசந்தம் வரை அப்படியே விட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிடுவது நல்லது என்று சொல்வார்கள். இன்ஜின் சூடாகும் முன்பே நிறுத்துவதால் ஆயிலிலும் புகைக்குழாயிலும் தண்ணீர்தான் தங்கும்.

எங்கள் ஊரில் சின்ன வயதில் அமெரிக்க வண்டி என்றாலே படகு கார்தான், தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். மஸ்டாங் அந்த ரகம் அல்ல, ஃபால்கன் என்ற சின்ன வண்டியின் மேல் அழகான சட்டை மாட்டியது, உங்கள் கராஜில் தாராளமாக அடங்கும். பார்க்கப் போகும்போது வாளி, டார்ச், காந்தம், பழைய சட்டை எடுத்துப் போங்கள். அந்த அம்மையாரிடம் சாவி எத்தனை என்று கேளுங்கள். ஒன்று கதவுக்கும் இன்ஜினுக்கும், டிக்கிக்கு வேறொன்று. இரண்டாவது சாவியைப் பெரும்பாலும் தொலைத்திருப்பார்கள். அப்படியென்றால் பூட்டை உடைக்காதீர்கள், பின் இருக்கையைக் கழற்றினால் டிக்கிக்குள் கை போகும்.